சிமியோன் குலத்தில் குறைந்தவர்கள்

அந்த மாதக் கூட்டத்துக்கு நான் கொண்டுபோனது ஒரே ஒரு தாள். பஸ் டிப்போவின் ஓய்வறையில், இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே கிடைத்த நாற்பது நிமிடங்களில் எழுதியது. விவிலியத்தில் இஸ்ரயேல் மக்கள் பாலைவனத்தில் இரண்டு முறை எண்ணப்படுகிறார்கள். எகிப்திலிருந்து வெளியேறியபின் சீனாய் மலையடியில் முதல்முறை. ஏறக்குறைய நாற்பது வருடம் அலைந்து முடித்தபின் யோர்தான் ஆற்றுப் பக்கத்தில் இரண்டாம்முறை. இருபது வயதுக்கு மேற்பட்ட, போருக்குப் போகக்கூடிய ஆண்கள் மட்டும், குலம் குலமாக. தாளின் இடப்பக்கத்தில் முதல் கணக்கையும் வலப்பக்கத்தில் இரண்டாவது கணக்கையும் எழுதியிருந்தேன்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியின் ரூர் பகுதியில் ஒரு நகரம். அங்கே ஒரு ஜெர்மன் கத்தோலிக்கக் கோவிலில் மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் தமிழ்ப் பூசை நடக்கும். பூசை முடிந்ததும் பக்கத்து மண்டபத்தில் தேநீர், ரோல்ஸ், பிறகு ஒரு மணி நேரம் விவிலிய வகுப்பு. வகுப்பெடுப்பது நான். ஊரில் குருமடத்தில் இரண்டு வருடம் படித்தவன் என்பதால் என்னிடம் கொடுத்திருந்தார்கள். கால் நூற்றாண்டாக இந்த நகரத்தில் பஸ் ஓட்டுகிறேன். வாரம் முழுக்க என்னோடு ஒருவரும் பேசமாட்டார்கள். டிக்கெட்டைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த ஒரு மணி நேரம்தான் நாற்பது ஐம்பது பேர் நான் வாய் திறக்கக் காத்திருப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பழைய ஏற்பாட்டுச் சண்டைகளைச் சொல்வதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. வாள், கோடரி, கூடார ஆணி எதைச் சொன்னாலும் கையால் குத்திக் காட்டித்தான் சொல்வேன்.

அன்றைக்குத் தாளைப் பிரதியெடுத்து எல்லோருக்கும் கொடுத்தேன். முதலில் கொட்டாவி விட்டார்கள். பிறகு முன்வரிசையில் இருந்த ஓர் அக்கா விரலை வைத்துக் கேட்டார்.

"அண்ணை, மற்ற ஆக்களெல்லாம் கொஞ்சம் கூடி, கொஞ்சம் குறைஞ்சு நிக்கினம். இந்தச் சிமியோனுக்கு என்ன நடந்தது?"

அந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். முதல் கணக்கில் சிமியோன் குலத்தில் ஐம்பத்தொன்பதாயிரத்து முந்நூறு ஆண்கள். பன்னிரண்டு குலங்களில் மூன்றாவது பெரியது. இரண்டாவது கணக்கில் இருபத்திரண்டாயிரத்து இருநூறு. எல்லாரிலும் சிறியது. பாதிக்கும் மேல் காணாமல் போயிருந்தது.

நான் எழுந்து நின்று சொன்னேன். இரண்டாம் முறை எண்ணுவதற்குச் சற்று முன்னால் முகாமில் கொள்ளைநோய் பரவியது. ஆண்கள் வேற்றுநாட்டுப் பெண்களோடு போய், அவர்களுடைய தெய்வத்தைக் கும்பிட்டதற்கு வந்த தண்டனை. சனம் கூடி அழுதுகொண்டிருக்கும்போதே, சிமியோன் குலத்துப் பெரிய குடும்பத்து மகன் ஒருவன் மிதியான் நாட்டுப் பெண் ஒருத்தியைக் கையில் பிடித்து, எல்லார் கண்முன்னாலும் தன் கூடாரத்துக்குள் கூட்டிப் போனான். தலைமைக் குருவின் பேரன் அதைப் பார்த்தான். ஈட்டியை எடுத்தான். பின்னால் போனான்.

"ஒரே குத்து," என்றேன். கையை முன்னால் எறிந்தேன். "ரெண்டு பேரையும். அவன்ர முதுகால போய் அவளின்ர வயித்தால."

மண்டபம் அமைதியாகிவிட்டது. ஒரு பெண் வாயைப் பொத்தினாள். அந்த அமைதி எனக்கு இனித்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"ஒருத்தன் வெளியில போய்க் கை பிடிச்சான். ஒரு குலமே தேய்ஞ்சு போச்சு. அடுத்த முறை எண்ணேக்க ஆளில்லை."

சமையலறை வாசலில் சாய்ந்து நின்றிருந்த என் நண்பன் அப்போது ஒரு கேள்வி கேட்டான்.

"குத்தினவனுக்கு என்ன நடந்தது மச்சான்?"

"ஒண்டும் நடக்கேல்லை. கடவுள் அவனை ஆசீர்வதிச்சார். அதோட நோயும் நிண்டிட்டுது."

அவன் தலையை ஆட்டினான். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போய்விட்டான்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இருவரும் மன்னாரில் ஒரே ஊர், ஒரே வயது. அவன் இங்கே ஓர் இத்தாலிய உணவகத்தில் சமையல்காரன். தமிழ்ப் பூசை நாட்களில் மண்டபத்துச் சமையலறை அவனுடையது. தன் கத்தியைத் துணியில் சுற்றிக் கொண்டுவருவான். மண்டபத்துக் கத்தி தக்காளிகூட வெட்டாது என்பான். அவனுக்கு இரண்டு தம்பிகள் இருந்தார்கள். எங்களுக்குப் பத்தொன்பது இருபது வயதிருக்கும்போது ஆமி ஊரைச் சுற்றிவளைத்து ஆண்களை எல்லாம் கோவில் வளவுக்குள் வெயிலில் இருத்தியது. ஒருவன் தடியால் ஒவ்வொரு தோளிலும் தட்டிச் சிங்களத்தில் எண்ணிக்கொண்டு போனான். எக்காய், தெக்காய், துனாய். சாக்கால் முகம் மூடிய ஒருவனை ஜீப்புக்குள் வைத்து எங்களை ஒவ்வொருவராக அவன் முன்னால் நடத்தினார்கள். அவன் தலையாட்டினால் ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். நான் போனபோது சாக்கு அசையவில்லை. என் நண்பன் போனபோதும் அசையவில்லை. அவனுடைய தம்பிகள் இருவரும் போனபோது அசைந்தது. பின்னேரம் மறுபடி எண்ணினார்கள், இரண்டு குறைவு. மூன்றாம் நாள் உப்பளப் பக்கம் இரண்டு உடல்கள் கிடந்தன. மூத்தவனின் கைகள் பின்னால் கம்பியால் கட்டியிருந்தன. அந்தக் கம்பியைக் குறடு வைத்து வெட்டியது என் நண்பன். நான் உடலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் தெரிந்த நான்தான் அவன் முன்னால் நின்று தேய்ந்துபோன குலத்தைப் பற்றிச் சொன்னேன். அவனுக்கு ஒரே மகன். மகன் ஒரு ஜெர்மன் பெண்ணோடு சேர்ந்து வாழ்கிறான் என்பதும் எனக்குத் தெரியும். மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். கூடாரத்துக் கதையைச் சொல்லும்போது அவன் மகன் என் நினைவுக்கு வரவில்லை என்று பின்னால் பொலிசுக்குச் சொன்னேன். அது பொய். வந்தது. கதைக்குக் காரம் சேர்கிறது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த மாதப் பூசைக்கு அந்த மகனே வந்தான். பின்னேரம் மூன்று மணி, வெளியே நல்ல வெளிச்சம். இருபத்தெட்டு வயது, மின்பொறியாளன். கூடவே அந்தப் பெண். பச்சை நிறக் கவுன் போட்டிருந்தாள். கையில் ஒரு பெட்டி நிறையக் கல்யாண அழைப்பிதழ்கள். ஒவ்வொருவராகப் போய்க் கொடுத்தார்கள். அவள் இரண்டு கையாலும் நீட்டி, பாடமாக்கி வந்த தமிழில் "கட்டாயம் வாங்கோ" என்றாள். பெண்கள் சிரித்து அவளைக் கட்டிப் பிடித்தார்கள். எனக்கும் ஒன்று தந்தாள்.

என் நண்பன் சமையலறையிலிருந்து வந்தான். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறான்; கத்தி கையில் இருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவன் கையில் கத்தி இருப்பது எங்களுக்கெல்லாம் பழக்கம். மேசையிலிருந்த ஓர் அழைப்பிதழை எடுத்து வாசித்தான்.

"இதென்ன பேர் போட்டிருக்கு?"

"அவளின்ர குடும்பப் பேர் அப்பா," என்றான் மகன். "நாங்கள் ரெண்டு பேரும் அதைத்தான் வைக்கப்போறம். போன மாதம் வீட்டை வந்து சொன்னனான்தானே."

"அப்ப என்ர பேர்?"

"அப்பா, இஞ்ச வேண்டாம். வீட்டை போய்க் கதைப்பம்."

"கேட்டதுக்குச் சொல்லு. என்ர பேர் எங்க?"

மகன் களைத்துப்போன குரலில்தான் சொன்னான். "அந்தப் பேரைச் சின்னனிலயிருந்து நான் எழுத்துக் கூட்டிக்கூட்டிச் சொல்லிக் களைச்சுப் போனன் அப்பா. என்ர பிள்ளையளுக்கும் அது வேண்டாம்."

சொல்லிவிட்டு அவளுடைய தோளில் கைபோட்டுத் திரும்பினான். முதல் குத்து அவனுடைய முதுகில், வலது தோள்பட்டைக்குக் கீழே விழுந்தது. சத்தமே இல்லை. அவன் முன்னால் சரிந்து மேசையைப் பிடித்தான். மேசைவிரிப்பும் கோப்பைகளும் அவனோடு விழுந்தன. அவள் குனிந்தாள். இரண்டாம் முறை கத்தி உயர்ந்தபோது இடது கையை மேலே தூக்கினாள். கத்தி முன்கையில் இறங்கி மணிக்கட்டுவரை கிழித்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் அவள் கத்தினாள்.

அவனும் கத்தினான். "ரெண்டு பேரையும்! ரெண்டு பேரையும்!"

அது என் சொல். நான் சொன்ன அதே ராகத்தில் அவன் சொன்னான்.

எப்படி அவ்வளவு தூரம் போனேன் என்று தெரியாது. கத்தியை வெறுங்கையால் பிடித்தேன். அவன் இழுத்தான், உள்ளங்கை திறந்துகொண்டது. வலி தெரியவில்லை, சூடு மட்டும் தெரிந்தது. பக்கத்தில் தேநீர் கொண்டுவரும் பெரிய எவர்சில்வர் பிளாஸ்க் இருந்தது. மற்றக் கையால் அதைத் தூக்கி அவன் முகத்தில் அடித்தேன். தாடை உடைகிற சத்தம் கேட்டது. அவன் முழங்காலில் விழுந்தான், கத்தி தரையில் விழுந்தது, யாரோ அதைக் காலால் தள்ளிவிட்டார்கள். அதற்குப் பிறகும் அடித்தேன். விழுந்து கிடந்தவனை மூன்று முறை அடித்தேன். பிளாஸ்க் நசுங்கித் தேநீர் அவன் மேலும் என் மேலும் ஊற்றியது. அவன் மனைவி என் காலைக் கட்டிப் பிடித்து, "அண்ணை, காணும் அண்ணை, செத்துப் போடுவார், விடுங்கோ," என்று கதறிய பிறகுதான் நின்றேன்.

மண்டபம் முழுக்கப் பிள்ளைகளின் அழுகை. காகிதத் தட்டுகளில் ரோல்ஸ் மேல் ரத்தம் தெறித்திருந்தது. மகன் முகம்குப்புறக் கிடந்து ஜெர்மன் மொழியில் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஓர் அக்கா தன் சேலைத் தலைப்பைக் கிழித்து அந்தப் பெண்ணின் கையை இறுக்கிக் கட்டினார். அவர் இங்கே முதியோர் இல்லத்தில் தாதி. அவர் இல்லாவிட்டால் அவள் அங்கேயே முடிந்திருப்பாள் என்று பிறகு வைத்தியர் சொன்னார்.

மகனின் நுரையீரலில் ஓட்டை. பதினொரு நாள் வைத்தியசாலையில் இருந்தான், பிழைத்தான். அவளுடைய கையில் நரம்புகள் அறுந்து இரண்டு முறை வெட்டித் தைத்தார்கள். இன்றைக்கும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடியாது. எனக்கு உள்ளங்கையில் பதினான்கு தையல். என் நண்பனுக்குத் தாடை மூன்று இடத்தில் உடைந்து, இடது காது கேட்காமல் போனது. விழுந்தவனை அடித்ததற்காக என் மீதும் விசாரணை நடந்தது. பிறகு கைவிட்டுவிட்டார்கள்.

வழக்கு எட்டு மாதம் கழித்து வந்தது. கொலை முயற்சி. மகன் தந்தைக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்துவிட்டான். இங்கே அந்த உரிமை இருக்கிறது. அவள் சொன்னாள். மேசையில் கையை வைத்து, மடியாத விரல்களைக் காட்டி, அழாமல் சொன்னாள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். நான் ஜெர்மன் மொழியிலேயே பேசுகிறேன் என்றேன்.

நீதிபதி நரைத்த தலைமுடியோடு ஒரு பெண். பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்த ஒரு தாளைக் காட்டினார். கைதான அன்று என் நண்பனின் சட்டைப்பையில் இருந்தது. என் கையெழுத்து. சிமியோன் என்ற வரியைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தான். தாளின் ஓரத்தில் மரம்போலக் கோடு கீறி, தகப்பன், தம்பிகள், தான், மகன் என்று எழுதி, தம்பிகளை வெட்டியிருந்தான். மகனையும் வெட்டியிருந்தான்.

"இந்த எண்கள் என்ன?"

விளக்கினேன். பழைய மக்கள் கணக்கெடுப்பு, குலங்கள், சிமியோன் குலம் குறைந்தது, ஈட்டி. அந்த மண்டபத்தில் கையை வீசிச் சொன்னதை இங்கே கையைக் கட்டிக்கொண்டு சொல்ல வேண்டியிருந்தது. கட்டுப்போட்ட காலைப்போலக் கதை நொண்டியது.

நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். "அந்தக் குலம் குறைந்ததற்கு இந்தச் சம்பவம்தான் காரணம் என்று அந்த நூலில் எழுதியிருக்கிறதா?"

ஆம் என்று சொல்ல வாயெடுத்தேன். இருபது வருடமாக அதைத்தான் நம்பியிருந்தேன். ஆனால் வழக்குக்கு முந்திய வாரம் முழுக்க அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்திருந்தேன். கொள்ளைநோயில் இருபத்துநாலாயிரம் பேர் செத்தார்கள் என்று இருக்கிறது. அவர்கள் எந்தக் குலம் என்று ஓர் இடத்திலும் இல்லை. செத்தவன் சிமியோன் குலம்; அடுத்த கணக்கில் சிமியோன் குறைவு. இரண்டையும் ஒட்டவைத்தது வாசிப்பவர்கள்.

"இல்லை," என்றேன்.

"அப்படியானால் அதைச் சொன்னது யார்?"

"நான்."

தன் சட்டத்தரணிக்குப் பக்கத்தில் இருந்த என் நண்பன் தலையைத் தூக்கிப் பார்த்தான். மொழிபெயர்ப்பாளர் அவனுடைய கேட்கிற காதுக்குள் குனிந்து சொல்லிக்கொண்டிருந்தார். அவன் முகத்தில் நான் எதிர்பார்த்த கோபம் இல்லை. ஏமாற்றப்பட்டவனின் முகமாக இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

அவனுக்கு ஆறு வருடம் கொடுத்தார்கள்.

வகுப்பை விட்டுவிட்டேன். வாசிப்பதை விடமுடியவில்லை. டிப்போவில் ஓய்வு நேரங்களில் அந்த இரண்டு கணக்குகளையும் எடுத்து வைத்துக்கொள்வேன். முன்பு கண்ணில் படாதவை இப்போது பட்டன. ஈட்டியை எடுத்தவன் லேவி குலம். லேவியரைப் போருக்கான கணக்கில் சேர்க்கவே இல்லை. ஆண்டவரின் கூடாரத்தைக் காக்கிறவர்கள் என்று தனியாக, ஒரு மாதக் குழந்தையிலிருந்து எண்ணியிருக்கிறார்கள். படையில் எண்ணப்படாத குலத்துக்காரன்தான் அன்றைக்கு ஆயுதம் எடுத்தான். அதைவிடப் பழைய கதை ஒன்றும் இருக்கிறது. தங்கள் தங்கையை வேற்று ஊர்க்காரன் ஒருவன் கெடுத்தான் என்று அந்த ஊர் ஆண்கள் எல்லாரையும் வெட்டிச் சாய்த்தவர்கள் சிமியோனும் லேவியும், அந்த இரண்டு குலங்களுக்கும் மூதாதையரான சகோதரர்கள். சாகக் கிடந்த தகப்பன் அவர்களுடைய கோபத்தைச் சபித்து, இருவரையும் சிதறடிப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினான். சிமியோன் குறைந்ததற்கு அதையும் காரணமாகச் சொல்லலாம். வெட்டியதால் தேய்ந்தார்கள் என்று. அன்றைக்கு நான் அந்தக் கதையைத் தேர்ந்திருக்கலாம். ஈட்டிக் கதைக்குத்தான் சனம் வாயைப் பிளக்கும் என்று அதை எடுத்தேன்.

இதைச் சொல்வதற்காகவே ஒரு நாள் சிறைக்குப் போனேன். பார்க்கும் அறையில் ஒரு சின்ன மேசை, இரண்டு கதிரை, சுவரோரம் ஒரு காவலர். அவன் மெலிந்திருந்தான். தாடை ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. நலம் விசாரித்தேன். பிறகு ஆரம்பித்தேன்.

"மச்சான், நான் அண்டைக்குச் சொன்னது பிழை. திருப்பி வாசிச்சுப் பாத்தனான். முதல் கணக்கில இருந்த ஆக்களில ரெண்டு பேரைத் தவிர ஒருத்தரும் ரெண்டாவது கணக்கில இல்லை. எல்லாரும் பாலைவனத்திலயே செத்துப் போச்சினம். ரெண்டாவதாய் எண்ணினது பிள்ளையளை. அதாலதான் சொல்லுறன், அந்தக் கணக்கு..."

அவன் காதைத் திருப்பி உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தான். "நீ இண்டைக்கும் வகுப்பெடுக்கவோ வந்தனீ?" என்றான்.

"இல்லையடா. உனக்குத் தெரிய வேணும் எண்டு..."

மேசைக்கு மேலால் பாய்ந்து என் கழுத்தைப் பிடித்தான். கதிரையோடு பின்னால் விழுந்தேன். தலை தரையில் மோதியது. அவன் என் நெஞ்சில் ஏறியிருந்து முகத்தில் குத்தினான். நான் கையைத் தூக்கவில்லை. "என்ர பிள்ளையை... என்ர பிள்ளையை..." என்று ஒவ்வொரு குத்துக்கும் சொன்னான். காவலரும் இன்னொருவரும் இழுத்து எடுத்தார்கள். அவனை நிலத்தில் அமத்தி முழங்காலால் முதுகை அழுத்தியபோது அவன் கன்னம் தரையில் இருந்தபடியே என்னைப் பார்த்தான். அவன் அழுததை உப்பளத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முறைப்பாடு செய்ய விருப்பமா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். ஆனாலும் மூன்று மாதம் அவனை ஒருவரும் பார்க்க முடியாது என்று தடை போட்டார்கள். அதனால் தண்டனை அவனுடைய மனைவிக்கும் சேர்ந்து விழுந்தது.

மகனும் அந்தப் பெண்ணும் கல்யாணம் கட்டினார்கள். தமிழர் யாரையும் கூப்பிடவில்லை. அவளுடைய பெயரைத்தான் வைத்தார்கள். வடக்கே ஹம்பேர்க் பக்கம் போய்விட்டார்கள் என்று கேள்வி. தாய்க்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். தகப்பனைப் பற்றி அவன் கேட்பதில்லை; தாயும் சொல்வதில்லை.

தடை முடிந்ததும் என் நண்பனின் மனைவியை நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு மணி நேர ஓட்டம். சிறைக்குப் பஸ்ஸும் ரயிலும் மாறிப் போக அவவுக்கு ஏலாது, முழங்கால் வருத்தம். முதல் இரண்டு முறையும் ஒரு சொல் பேசவில்லை. பின்சீட்டில்தான் இருப்பார். நான் வாசலில் இறக்கிவிட்டு வெளியே காத்திருப்பேன். மூன்றாம் முறை திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் வைத்துப் பேசினார்.

"அண்ணை, அவருக்குப் பல்லும் தாடையும் சரியான நோ. சாப்பிட ஏலாதாம். அங்கத்தைய டொக்டருக்கு அவர் சொல்லுறது விளங்கேல்லை. நிரப்பிக் குடுக்கச் சொல்லி இந்த அன்ட்ராக் தாளைத் தந்தவை. எனக்கு எழுதத் தெரியாது."

"தாங்கோ, எழுதித் தாறன்."

"எழுதுங்கோ. ஆனா அவரோட இனி விவிலியம் கதைக்காதேங்கோ அண்ணை. உங்கள நான் கையெடுத்துக் கும்பிடுறன்."

"ஓம். கதைக்கமாட்டன்."

அடுத்த வாகனத் தரிப்பிடத்தில் நிறுத்தினேன். லொறிகள் வரிசையாக நின்றன. அவர் தந்த விண்ணப்பத்தாளை ஸ்டீயரிங் மேல் வைத்து நிரப்பினேன். எங்கே வலி, எப்போதிலிருந்து, என்ன மருந்து எடுக்கிறார். அவர் பின்னாலிருந்து பதில் சொல்லச் சொல்ல நான் ஜெர்மன் மொழியில் எழுதினேன். கடைசியில் காயம் எப்படி ஏற்பட்டது என்று ஒரு கேள்வி. அதை நான் அவரிடம் கேட்கவில்லை. எவர்சில்வர் பிளாஸ்கால் பலமுறை தாக்கப்பட்டது என்று எழுதி, தாக்கியவர் என்று என் பெயரையும் எழுதினேன். பிறகு தாளை அவரிடம் கொடுத்து, கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தைக் காட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.